கரையில் சவுக்கு மட்டும் போதாது

கடலூர் மாவட்ட வனத்துறை அதிகாரிகளுக்கும் கடலோர ஊராட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

மழைக்காலம் நெருங்குகிறது, நடவு வேலை தொடங்கிவிடும். கன்றுகள் லாரியில் ஏறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலைக்கும் ஊருக்கும் நடுவில் நீங்கள் வைப்பது எல்லாமே சவுக்காக இருக்க வேண்டாம்.

சவுக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சவுக்குக் கழி இல்லாமல் இந்த மாவட்டத்தில் பந்தலும் இல்லை, சாரமும் இல்லை. மணலில் மளமளவென்று வளரும், உப்புக் காற்றையும் தாங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்துக்குக் கை கொடுத்தது அதுதான். ஆனால் 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி ஓய்ந்த பிறகு, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பைப் போய்ப் பார்த்தேன். வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். ஓரத்தில் இருந்த பனைகள் மட்டையெல்லாம் பறிகொடுத்து மொட்டையாக நின்றன. ஆனாலும் நின்றன.

இந்தக் கரைக்கென்று ஒரு வரிசை ஏற்கெனவே இருந்தது. அலை ஓரத்தில் அடம்பங்கொடி, அதற்கு மேல் இராவணன் மீசைப் புல், மணல்மேட்டின் முதுகில் தாழை, உள்ளே தள்ளிப் பனை, புன்னை, பூவரசு. கோடையில் இராவணன் மீசையின் முள்பந்து காற்றில் உருண்டு ஓடும். சின்ன வயதில் அதைத் துரத்திப் பிடித்துக் கையைக் குத்திக்கொள்ளாதவர் எங்கள் ஊரில் இல்லை. அந்தப் புல் மணலைப் பிடித்துவைக்கும், மேடு வளரும். பேரலையின் முதல் அடியை வாங்குவது அந்த மேடுதான். கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறதென்றால் அதற்கும் அந்த மேடுதான் காரணம். அதை டிராக்டர் விட்டுச் சமப்படுத்திக் கன்று நட்டதை என் கண்ணால் பார்த்தேன். யார் செய்தார்கள் என்பது இப்போது வேண்டாம். அடுத்த கோடையில் சோற்றுப் பானைக்குள் மணல் விழுந்தது.

பங்குனி ஆமையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் அதற்கு வெறும் மணல் வேண்டும். அலை ஓரம் வரை சவுக்கு வைத்தால் வேரும் சருகும்தான் மிஞ்சும்.

கழிமுகத்தில் கதை வேறு. அங்கே உப்புச் சேற்றில் நிற்பது அலையாத்திக் காடு. நாட்டில் அது சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு மேற்கு வங்கத்தில், பெரும்பாலும் சுந்தரவனத்தில். அடுத்து குஜராத், பிறகு அந்தமான். இவ்வளவு நீளக் கரை வைத்திருக்கும் தமிழகத்தின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்தக் கொஞ்சத்தில்தான் நம் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் வருகின்றன. சுனாமியின்போது பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே அடி வாங்கின. கரையிலிருந்து தள்ளி இருந்ததும் உதவியது, அதை மறைக்கவில்லை.

பிச்சாவரத்தில் படிக்க வேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூறு கூறாக மொத்தமாய் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்து தட்டு மாதிரி ஆனது. கடல் ஓதம் ஏறும்போது நுழைந்த நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்புக் கரித்தது. அங்கே எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்த பிறகுதான் நட்ட கன்று நின்றது. இது உங்கள் துறையே கையில் எடுத்துச் செய்த வேலை, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கேட்பது இதுதான். இருக்கிற மணல்மேட்டில் கை வைக்காதீர்கள். அதற்குப் பின்னால் தாழை, பனை, புன்னை என்று கலந்து வையுங்கள். சவுக்கு வேண்டுமென்றால் இன்னும் உள்ளே தள்ளி வைத்து, ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல் பட்டை பட்டையாக வெட்டுங்கள். கழிமுகத்தில் கன்றுக்கு முன்னால் வாய்க்காலைப் பாருங்கள். அப்புறம், நட்ட எண்ணிக்கையை எழுதும் அதே பலகையில், மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் எழுதிவையுங்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கடலூர்க் கரையோரக் குப்பத்துக்காரன் ஒருவன்