எந்தத் தெருவில் இருக்கிறீங்கள்? – ஹலோவீன் இனிப்புப் பெட்டிகள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒக்டோபர் பிறந்ததும், 31ஆம் திகதி ஹலோவீன் இரவில் வேசம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் பிள்ளைகளுக்காக, எங்கள் கடையில் கவுண்டருக்குப் பக்கத்தில் சொக்லேட் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவோம். நீங்கள் ஒன்றைத் தூக்கிவந்து வைத்தவுடன் காசு வாங்கும் பிள்ளை, “எந்தத் தெருவில் இருக்கிறீங்கள்?” என்று கேட்கிறாள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. போன கிழமை ஒரு அம்மா என்னிடமே வந்து, “தம்பி, நான் எங்க இருந்தால் உங்களுக்கென்ன, காசு தாறன்தானே?” என்றார். அவர் கேட்டது நியாயம். நாங்கள் யாருடைய விலாசத்தையும் எழுதி வைப்பதில்லை. ஏன் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை. அதை விளக்கத்தான் இந்த மடல்.

ஹலோவீன் இரவில் வேசம் போட்ட பிள்ளைகள் எல்லா வாசலுக்கும் ஒரே கணக்கில் வருவதில்லை. ரொறன்ரோவின் இதே ஸ்காபரோவுக்குள், காரில் பத்து நிமிடத் தூரத்தில், ஒரு தெருவில் ஆறரைக்கே வாசலில் வரிசை நிற்கும்; இன்னொரு தெருவில் எட்டு மணியாகியும் மணி அடிக்காது. முதல் தெருக்காரர் ஒரு பெட்டியோடு போய் ஏழு மணிக்கு வெறுங்கையோடு நிற்கிறார். மற்றவர் மூன்று பெட்டி வாங்கிவிட்டு நத்தார் வரை அதையே வீட்டில் வைத்துத் தின்கிறார். பெட்டி விற்றால் எங்களுக்கு இலாபம்தான். ஆனாலும் அப்படி விற்க எங்களுக்கு மனமில்லை.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்தது அடுக்குமாடியில், பதினோராம் மாடி. முதல் ஹலோவீனுக்குப் பெரிய பை நிறைய இனிப்பு வாங்கி, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். ஒருவரும் வரவில்லை. கீழே லொபியில் ஒரு தாள் ஒட்டியிருந்ததும், இனிப்புக் கொடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டு இலக்கத்தை அதில் எழுதவேண்டும் என்பதும், பிள்ளைகள் அந்த இலக்கங்களுக்கு மட்டுமே போவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பிறகு மோர்ணிங்சைட் ஹைற்ஸில் வீடு வாங்கினோம். பழைய ஞாபகத்தில் ஒரேயொரு பக்கற் வாங்கி வைத்தேன். அது ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. வாசலில் இன்னும் பிள்ளைகள். மனைவி குசினிக்குள் ஓடி, அன்று பின்னேரம் பிடித்து வைத்திருந்த எள்ளுருண்டையைத் தட்டோடு கொண்டுவந்தாள்.

பட்டாம்பூச்சிச் சிறகு கட்டிய ஒரு சின்னப் பிள்ளை, நாலு வயது இருக்கும். உருண்டையை உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்தது. பின்னால் நின்ற தாய் நன்றி சொல்லி, அதை மெதுவாக எடுத்து, மெல்லிய தாளில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளையின் வாளிக்குள் போடவில்லை. அவர் மரியாதையோடுதான் நடந்தார். எங்களுக்குத்தான் இங்குள்ள வழக்கம் தெரிந்திருக்கவில்லை. கடையில் உறையிட்டு ஒட்டிய இனிப்பைத் தவிர வேறெதையும் இங்கு பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள். இனிப்பில் நஞ்சு, அப்பிளில் சவர பிளேட் என்று பல வருடமாகப் பரவிய பயம் அதற்குக் காரணம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயெல் பெஸ்ட் 1980களிலிருந்து அப்படிப்பட்ட செய்திகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர், வாசலுக்கு வந்த பிள்ளைக்கு இனிப்பில் நஞ்சு வைத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தாலும் பெற்றோரின் பயம் பெற்றோரின் பயம்தான். வீட்டுப் பலகாரத்தை வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு வைத்திருங்கள்.

இனி, பிள்ளைகள் எங்கே கூட வருவார்கள், எங்கே குறைய வருவார்கள் என்ற விஷயம். கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் ஹலோவீன் காலத்தில் 5 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளின் எண்ணிக்கையை வெளியிடும். நாடு முழுவதும் சுமார் 40 இலட்சம். உங்கள் தெருவில் அதில் எத்தனை பேர் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் வீடுகளின் வயதைப் பாருங்கள். புதுக் குடியிருப்பில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிள்ளைகள் பிறந்து, ஒரே காலத்தில் வேசம் போட்டு, ஒரே காலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஸ்காபரோவின் மல்வேர்ண் 1970களில் எழும்பிய இடம். அங்கே முதலில் குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள். வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கட்டிய பங்களாக்கள். இன்றும் சில தெருக்களில் வீட்டுக்கொரு முதியவர் தனியே இருக்கிறார். அப்படிப்பட்ட தெருவில் இருப்பவர்கள் ஒரு சின்னப் பெட்டியோடு நிற்கலாம். ஆனால் பக்கத்து வீடு கைமாறி, வாசலில் குட்டிச் சைக்கிள் நிற்கக் கண்டால் கணக்கைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அடுத்தது, கதவுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூரம். என் மனதில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒக்டோபர் 31 அன்று ரொறன்ரோவில் சூரியன் ஆறு பத்தளவில் மறையும். எட்டரைக்குள் சின்னதுகள் களைத்துப்போகும். அந்த இரண்டரை மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் எத்தனை கதவு தட்டலாம் என்பதுதான் பிள்ளைகளின் முழுக் கணக்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் வரிசையில் ஒரு நிமிடத்தில் மூன்று கதவு. ரொறன்ரோவின் பணக்காரப் பகுதியான பிறைடில் பாத்தில் மாளிகைகள் இருக்கின்றன, ஆனால் இரும்புக் கேற்றைத் தாண்டி நீண்ட டிரைவ்வேயில் நடந்து போய் ஒரு சொக்லேட் வாங்குவதற்குள் ரவுன்ஹவுஸ் பிள்ளையின் வாளி பாதி நிரம்பிவிடும். பக்கத்து மார்க்கம் நகரிலுள்ள கோர்ணெல் கதவுகள் நெருக்கமாக இருப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990களில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அந்திரேஸ் துவானியின் குழு திட்டமிட்ட ஊர் அது. அங்கே கராஜ்கள் பின் ஒழுங்கைக்குப் போய்விட்டன. முன்பக்கம் விறாந்தை, இரண்டு மூன்று படி, உடனே நடைபாதை. நாலு வயதுப் பிள்ளையும் தாயின் கையை விட்டுத் தானே ஓடிப்போய் மணி அடிக்கும் அமைப்பு. கோர்ணெல்காரர் யாராவது ஒரு பெட்டி போதும் என்றால், இரண்டாவதையும் எடுத்துவைக்கச் சொல்லி நாங்களே வற்புறுத்துவோம்.

பணக்காரத் தெருவில்தான் பிள்ளைகள் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க வீட்டு விற்பனை இணையத்தளமான சில்லோ பல வருடங்களாக நகரங்களை ஹலோவீனுக்காகத் தரவரிசைப்படுத்திய காலத்தில் வீட்டு விலையையும் ஒரு அளவாக எடுத்தது; கூடவே குடிசன அடர்த்தி, நடக்க வசதி, குற்றக் குறைவு ஆகியவற்றையும் பார்த்தது. பின்னால் சொன்னவைதான் உண்மையில் பிள்ளைகளை இழுக்கின்றன என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயத்தைச் சற்று நிறுத்திச் சொல்லவேண்டும். சில தெருக்களுக்கு வெளியிடத்துப் பிள்ளைகள் காரில் வந்து இறங்குகிறார்கள். “இது எங்கட தெருப் பிள்ளைகள் இல்லை, எங்கிருந்தோ வருதுகள், சாமான் முடியுது” என்று கவுண்டரில் நின்று குறைசொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் நான் பணிவாகக் கேட்பது இது. எங்கள் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அடுக்குமாடியில் கதவு தட்ட வழியில்லாமல், பஸ்ஸில் ஏற்றி ஒரு வீட்டுத் தெருவுக்குக் கூட்டிப்போனோம். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அவளுடைய பைக்குள் இரண்டு கைநிறைய அள்ளிப் போட்டார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பெருவீதி ஓரமாகவும், பேஸ்மென்ற்றிலும், இருபதாம் மாடியிலும் வாழும் பிள்ளைகளுக்கு நடைபாதையும் வெளிச்சமும் உள்ள உங்கள் தெருதான் ஹலோவீன். அவர்களையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி வாங்குங்கள். பெட்டி பத்தாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், அடக்கவிலைக்கே தருகிறோம்.

வாசல் விளக்கைப் பற்றித் தெரியாதவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். முன் விளக்கு எரிந்தால் “வாருங்கள்” என்று பொருள். அணைந்திருந்தால் பிள்ளைகள் கடந்து போவார்கள். 2024 இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31 வியாழக்கிழமை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வழமையாக அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும் எங்கள் வீடுகள் பலவற்றில் அன்று வாசல் முழுக்க அகல்விளக்கு. பிள்ளைகள் நேரே அந்த வெளிச்சத்துக்கு வந்தார்கள். கால நிலையும் வழமைக்கு மாறான சூடு, கோட் இல்லாமலே நடந்தார்கள். அன்று பின்னேரம் பதறியடித்துக் கடைக்கு ஓடிவந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க எங்களிடம் பெட்டி இருக்கவில்லை. அந்த ஏமாற்றத்துக்காக இன்றும் மன்னிப்புக் கேட்கிறோம்.

காலநிலை கணக்கைக் குழப்பும். 2019 இல் காற்றும் மழையும் அடித்தபோது மொன்றியல் நகரம் ஹலோவீனை அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்கச் சொன்னது. 2020 இல் கொரோனாவால் ரொறன்ரோ, பீல், யோர்க், ஒட்டாவா பகுதிகளில் கதவு தட்டவேண்டாம் என்று ஒன்ராறியோ அரசு கேட்டுக்கொண்டது. அந்த வருடம் அடுக்கிய பெட்டிகள் அப்படியே இருந்தன. 2025 இல் ஒக்டோபர் 31 இரவு எட்டு மணிக்கு இங்கே ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸின் உலகத் தொடர் ஆறாவது ஆட்டம். அதற்கு முன்பே வீடு திரும்பவேண்டும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் அவசரப்பட்டார்கள். இந்த வருடம் ஹலோவீன் சனிக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. போதாதற்கு அன்றிரவுதான் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிறோம். மழை இல்லாவிட்டால் ஒன்பது மணிக்கும் பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பாருங்கள்.

என்ன வாங்குவது என்பதில் இரண்டு வார்த்தை. ஒன்ராறியோவில் 2006 முதல் சப்ரினா சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பாதுகாக்கும் திட்டம் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டாயம். அதனால் கச்சான் இல்லாத பெட்டிகளையே முன்வரிசையில் வைத்திருக்கிறோம். ஜெலி இனிப்பு வாங்குகிறவர்கள் பின்பக்கம், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் இருக்கிறதா என்று வாசியுங்கள். சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உங்கள் வாசலுக்கு வருவார்கள். ஹலோவீன் அலங்காரத்துக்கு வாசலில் நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்திருக்கும் வீட்டைக் கண்டால், அங்கே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குப் பென்சில், ஸ்டிக்கர் போன்ற தின்னாத பொருட்களும் கிடைக்கும் என்று அர்த்தம். அமெரிக்காவில் 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது. பென்சில் கட்டுகள் மூன்றாவது தட்டில் உள்ளன.

உங்கள் தெருக் கணக்கை நீங்களே பிடிக்க எளிய வழி: ஒக்டோபர் 25 அளவில் ஒரு பின்னேரம் நடந்து, பூசணிக்காய் வைத்த வாசல்களை எண்ணுங்கள். இரண்டு வீட்டுக்கு ஒன்று என்றால் பெரிய பெட்டி இரண்டு. ஐந்துக்கு ஒன்று என்றால் ஒன்றே போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லொபித் தாளில் பெயர் எழுதியபின் வாருங்கள். சின்னப் பக்கற் தருகிறோம். பேஸ்மென்ற்றில் பக்கக் கதவோடு இருப்பவர்கள், மேல்வீட்டாரோடு பேசி முன்படியில் சேர்ந்து இருங்கள், இனிப்பையும் பங்குபோட்டு வாங்குங்கள்.

பிரிக்காத பெட்டியை நவம்பர் 7 சனிக்கிழமை வரை பற்றுச்சீட்டோடு கொண்டுவந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவோம். மறுநாள் தீபாவளி என்பதால் அந்த நாளுக்குப் பிறகு எங்களால் எடுக்க இயலாது.

1911 இல் ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரப் பத்திரிகை ஒன்று, ஹலோவீனன்று மாலை ஆறு முதல் ஏழு மணிவரை சின்னப் பிள்ளைகள் வேசம் போட்டுக் கடைகளுக்கும் அயல்வீடுகளுக்கும் போய், கடலையும் இனிப்பும் வாங்குவது வழமை என்று எழுதியிருக்கிறது. கடைகள்தான் அங்கே முதலில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே எங்கள் கடையும் அன்று எட்டரை வரை திறந்திருக்கும். வாசலில் ஒரு வாளி நிறைய இனிப்போடு என் மனைவி இருப்பாள். வாங்காமலே வாருங்கள்.

போகும்போது ஒரு உதவி. காசு வாங்கும் பிள்ளை இந்தமுறை பெட்டியோடு ஒரு வெறும் தாளும் தருவாள். அதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போடுங்கள். தெருவின் பெயரை மட்டும் மேலே எழுதி, அடுத்த கிழமை சாமான் வாங்க வரும்போது கொண்டுவந்து தாருங்கள். உங்கள் பெயரோ வீட்டு இலக்கமோ வேண்டாம். அடுத்த ஒக்டோபரில் எத்தனை பெட்டி இறக்குவது என்று அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்
ஸ்காபரோ, ஒக்டோபர் 2026