கால் வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பகுதிகளில் தோட்ட வேலைக்கும் தென்னந்தோப்புக்கும் போகிற தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. இவர்களிடையே பல ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், நாட்பட்ட சிறுநீரக நோயை நம்மவர்கள் மிகவும் பிந்தியே அறிந்துகொள்கிறார்கள் என்ற கவலையைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. சிறுநீரில் நிற்கும் நுரை, காலையில் கண்ணைச் சுற்றி உப்பல், சாயங்காலம் கணுக்காலில் வீக்கம், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது, ஓயாத அரிப்பு, உணவில் வெறுப்பு, நாலடி நடந்தாலே களைப்பு என்று ஒவ்வொன்றாக வந்தாலும், வயதையோ வெயிலையோ காரணம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இவற்றுள் பல, சிறுநீரகம் பெருமளவு பழுதான பிறகே தலைகாட்டுபவை.

என்னை மிகவும் அச்சுறுத்தியது வேறொன்று. நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் சிலர், "இப்பல்லாம் சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருச்சுங்க, மாத்திரையே வேண்டியதில்லைங்க" என்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பழுதடைந்த சிறுநீரகத்தால் இன்சுலினை வழக்கம்போல் அகற்ற முடியாததால், அது உடலில் கூடுதல் நேரம் தங்கி அளவைத் தாழ்த்துவதும் உண்டு. காரணமின்றிச் சர்க்கரை குறைந்தால் உடனே சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

சோதனையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மெலிந்த உடல்வாகுள்ள 65 வயதுப் பெண்ணுக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.2 (மி.கி./டெ.லி.) என்று வந்தால், பல ஆய்வகத் தாள்களில் அது இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கும். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறனின் அளவு, அவருக்குச் சுமார் 50தான். இந்த அளவு மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே இருந்தாலே நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்ளப்படுகிறது. ஆகவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் கேட்டுப் பெற வேண்டும்.

நோய் உறுதியானவர்கள் ரத்த அழுத்தத்தைப் பொதுவாக 130/80க்குக் கீழே வைத்திருப்பதும், உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவதும் முதன்மை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அவற்றுள் சில, அல்புமின் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் காப்பவை. மேல்வலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்றவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

தோப்புகள் சூழ்ந்த நம் ஊரில் சொல்லியே ஆகவேண்டியது இளநீர். வீக்கத்துக்கும் சூட்டுக்கும் அதுவே மருந்தென்று நம்புகிறோம். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகள் பலவற்றிலும் இதே ஆபத்து உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே மருத்துவரிடம் உணவுமுறை கேட்பது நல்லது. தண்ணீரைக் குறைப்பதும் கூட்டுவதும் அப்படியே. களைப்புக்குக் காரணமான ரத்தசோகைக்கும் அரிப்புக்கும் தனித்தனியே சிகிச்சை இருப்பதால், அவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்பகுதிச் சுகாதார நிலையங்களில் இந்த அறிகுறிகளையும் பரிசோதனைகளையும் தமிழிலும் எழுதி வைக்குமாறும், ஆய்வகங்கள் கிரியாட்டினினுக்குப் பக்கத்திலேயே இ.ஜி.எப்.ஆர். அளவையும் அச்சிட்டுத் தருமாறும் கேரளச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.