வாலி என்கிற ஆமை

டீர் பார்க், டெக்சாஸ்
29 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் "அந்த ஊர்ல யார் ஜனாதிபதியா வந்தா உனக்கென்னடி, உனக்குத்தான் ஓட்டே இல்லையே" என்று கேட்டாய். நடுவில் பாப்பா அழுததில் பேச்சு அறுந்துபோச்சு. இன்றைக்கு இவர் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார், சாவகாசமாக எழுதுகிறேன்.

பெரியவள் கிண்டர்கார்டனில் சேர்ந்த புதிதில் ஒரு ஆமைப் படத்துக்கு வர்ணம் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆமைக்குப் பேர் வாலி, நம்ம ராமாயண வாலி இல்லை, இங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஆமை. ஆபத்து வந்தால் வாலி ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும், அதே மாதிரி சங்கு ஊதினால் நீங்களும் வீட்டுக்குள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி ஏசியை நிறுத்திவிட வேண்டும் என்பது பாடம். நான் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, ஆமை புகுந்த வீடு என்று அம்மா சொல்வதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்புறம் போன அக்டோபரில் பக்கத்தில் ஒரு ஆலையில் ஹைட்ரஜன் சல்பைடு கசிந்து இரண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். வெளியே வராதீர்கள் என்று போனில் அறிவிப்பு வந்தது. வாசல் கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, பெரியவள் "வாலி மாதிரி இருக்கணும்மா" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த ராத்திரி நீங்களெல்லாம் ரோட்டில் நின்றது ஞாபகம் வந்தது. உங்களுக்குச் சங்கும் இல்லை, ஆமையும் இல்லை.

இந்த ஊர் உன் மணலி மாதிரிதான், கொஞ்சம் பெரிசு. ஹூஸ்டன் கப்பல் கால்வாய் 50 மைல் நீளம், கரை நெடுக ரிஃபைனரியும் கெமிக்கல் டேங்கும்தான். இவர் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது, அதை மறைப்பதற்கில்லை.

சரி, ஆட்சி மாற்றத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஆலைகளுக்கென்று ஒரு மத்திய விதி இருக்கிறது. அதிகம் போனால் எவ்வளவு தூரம் விஷவாயு பரவும், விபத்தைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நாடு முழுக்கச் சுமார் 12,000 ஆலைகளுக்கு இது உண்டு. இதன் வேர் எங்கே தெரியுமா? போபால். 1984-க்குப் பிறகுதான் இவர்களுக்குப் பயம் வந்து, 1986-இல் ஒரு சட்டமும் 1990-இல் காற்றுச் சட்டத்தில் திருத்தமும் கொண்டுவந்தார்கள். போபால் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு அப்பா எழுந்துபோய் நம் வீட்டு ஜன்னலைச் சாத்தினார் என்று சொல்வாயே, அதைத்தான் நான் 2022-இல் இந்த விதியைப் போடும் மத்திய சுற்றுச்சூழல் துறைக்கு எழுதி அனுப்பினேன். விதியை மாற்றுவதென்றால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டே ஆகவேண்டும். கமென்ட் எழுதக் குடியுரிமை தேவையில்லை, அதனால் என் பேரும் அந்த டாக்கெட்டில், அதாவது விதியின் கோப்பில், இருக்கிறது.

ஆனால் இந்த விதி படும் பாட்டைப் பார். டெக்சாஸில் வெஸ்ட் என்ற ஊரில் 2013-இல் உரக்கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்து ஒபாமா ஆட்கள் விதியைக் கடுமையாக்கினார்கள், ஆனால் கெஜட்டில் வந்தது 2017 ஜனவரி 13, அவர் வீட்டுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது! டிரம்ப் வந்ததும் தள்ளிவைத்தார்கள், தள்ளிவைத்தது செல்லாது என்று 2018-இல் கோர்ட் சொன்னது, 2019 டிசம்பரில் முக்கால்வாசியை நீக்கியே விட்டார்கள். பைடன் வந்து 2024 மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார். ஆட்சியின் கடைசி மாதங்களில் போடும் விதியைப் புதுக் காங்கிரஸ், அதாவது இந்த ஊர் பார்லிமென்ட், சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்யலாம், ரத்தானால் புதுச் சட்டம் இல்லாமல் அதேமாதிரி விதியைத் திரும்பப் போடவும் முடியாது. அதனால் தேர்தல் வருஷம் பிறந்ததுமே எங்கள் கூட்டத்தில் எல்லோர் கண்ணும் காலண்டரில்தான் இருந்தது. விதி மார்ச்சிலேயே வந்துவிட்டதால் அந்தக் கண்டத்தைத் தாண்டியாச்சு. ஆனாலும் ஆலைகளுக்கான முக்கியமான கெடுவெல்லாம் 2027 மே மாதம், அதற்குள் இந்த மார்ச் 12-ஆம் தேதி சுற்றுச்சூழல் துறையின் புதுத் தலைவர் லீ செல்டின் ஒரே நாளில் அறிவித்த 31 நடவடிக்கைகளில் இந்த விதியின் மறுபரிசீலனையும் ஒன்று. இது போதாதென்று, காற்றுச் சட்டத்தின் சில விதிகளிலிருந்து விலக்கு வேண்டும் கம்பெனிகள் ஈமெயில் அனுப்பலாமாம், கடைசி நாள் நாளை மறுநாள். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், அவர்களுக்கு ஒரு ஈமெயில்.

கூட்டம் என்றதும் கொடி, கோஷம் என்று நினைக்காதே. ஒரு சர்ச்சின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர். ரிடையரான டீச்சர் ஒருத்தர் ஜனவரியிலிருந்து அரசாங்கப் பக்கங்களை லேப்டாப்பில் இறக்கிவைத்துக்கொண்டே இருந்தார், எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. எந்தத் தெருவில் எவ்வளவு மாசு, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று பிப்ரவரி 5-ஆம் தேதி காணாமல் போனதும் வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் அவரோடு அரசாங்க வாசிப்பறைக்குப் போனேன். விஷவாயு எவ்வளவு தூரம் வரும் என்ற காகிதங்களை அங்கேதான் பார்க்கலாம். அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும், வெளியூர் ஆலைகள் என்றால் மாதத்துக்குப் பத்துதான், ஜெராக்ஸ் கிடையாது. பென்சிலால் நோட்டில் எழுதி எழுதிக் கை வலித்தது. பெரியவளுடைய ஸ்கூல் மூன்று ஆலைகளின் விஷவாயு வட்டங்களுக்குள் வருகிறது, அதில் ஒன்று இவர் வேலை பார்க்கும் இடத்தினுடையது. அன்று ராத்திரி நோட்டை இவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார், அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறுபடி கருத்துக் கேட்கும்போது எழுதுவேன், ஆனால் விசா இருக்கும் இருப்பில் பேரைப் போடட்டுமா என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

எண்ணூர் கசிவு சமயத்துப் பேப்பர் கட்டிங் இருந்தால் மாமாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல், டீச்சர் கேட்டார். அம்மாவிடம் ஆமையைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே, அடுத்த ஃபிளைட்டில் கிளம்பி வந்து ஃபிரிட்ஜிலிருந்து கிழித்துப் போட்டுவிடுவாள்.

அன்புடன்,
உன் தங்கை