பராமரிப்பு ரசீதில் சேரும் புதிய இனம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தங்களின் ரசீதில் "மென்பொருள் திட்டங்களுக்கான பங்கு" என்ற இனம் ஒன்று புதிதாகச் சேர்கிறது. இப்போது நீங்கள் செலுத்திவரும் பராமரிப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து என்பது அதன் அளவு. ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலுத்தும் கடைக்கு அது 1,000 ரூபாய் ஆகும். இந்தத் தொகையில் ஒரு ரூபாயும் எங்களிடம் தங்காது. உங்கள் கணினிகளில் நாங்கள் நிறுவித் தந்திருக்கும் கட்டற்ற அல்லது திறமூல மென்பொருள்களை, அதாவது எவரும் பயன்படுத்தவும் மூல நிரலைப் பார்த்துத் திருத்தவும் உரிமம் தரும் மென்பொருள்களை, எழுதிப் பேணிவருவோருக்கு அது முழுவதும் போகும். அதே அளவு தொகையை எங்கள் லாபத்திலிருந்து நாங்களும் சேர்த்து அனுப்புவோம். ரசீதில் ஒரு தொகை ஏறினால் அதற்குக் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லி முடிக்காமல் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

ஜவுளிக் கடையானாலும் மஞ்சள் மண்டியானாலும், பள்ளியானாலும் மருத்துவமனையானாலும், எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரின் கணினிகளில் இயங்குவது டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம். கணக்கும் சரக்கிருப்பும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. விலைப்புள்ளிகளும் கடிதங்களும் லிப்ரேஆபீஸில் தயாராகின்றன. மின்னஞ்சல் தண்டர்பேர்டில் வருகிறது. இவற்றில் எதற்கும் உரிமத் தொகை என்று நாங்கள் உங்களிடம் எதுவும் வாங்கியதில்லை, இனியும் வாங்க மாட்டோம். நிறுவுதல், பயிற்சி, காப்புநகல், பழுது நீக்கம் ஆகிய எங்கள் உழைப்புக்கே நீங்கள் கட்டணம் தருகிறீர்கள்.

ஆனால் நாங்கள் செய்வது பராமரிப்பின் கடைசிக் கட்டம் மட்டுமே. ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று தென்பட்டால், அந்த நிரலை நன்கறிந்த ஒருவர் உட்கார்ந்து அதைப் படித்துத் திருத்த வேண்டும். இன்னொருவர் அந்தத் திருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். டெபியன் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அதைத் தங்கள் பதிப்புக்கேற்பப் பொருத்தி, சோதித்து, வெளியிட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எங்கள் பணியாளர் உங்கள் கடைக்கு வந்து சில நிமிடங்களில் அதை ஏற்றிவிட்டுப் போகிறார். நீங்கள் தரும் பணம் அந்தச் சில நிமிடங்களோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னால் உழைத்தவர்களையும் போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் முடிவு.

அப்படிச் சேராதபோது என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. வங்கியின் இணையத்தளத்துக்கும் உங்கள் கணினிக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கும் வேலையை உலகின் மிகப் பல இணையத்தளங்களில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல நிரல் செய்துவருகிறது. 2012 மார்ச்சில் வெளியான அதன் பதிப்பு ஒன்றில் நுழைந்த பிழை, இரண்டு ஆண்டுகள் கழித்து 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர்பெற்ற அந்தப் பிழையால், இணையத்தளத்தைத் தாங்கும் கணினியான வழங்கியின் நினைவகத்தில் இருக்கும் கடவுச்சொற்களையும் ரகசியச் சாவிகளையும் எவரும் தடயமின்றி வெளியிலிருந்து படித்துவிட முடிந்தது. அந்த நாளில் ஓப்பன்எஸ்எஸ்எல் பணியில் முழுநேரமாக இருந்தவர் ஒரே ஒருவர். திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். கோடிக்கணக்கான பணப் பரிமாற்றங்கள் நம்பியிருந்த ஒரு நிரலுக்கு உலகம் கொடுத்துவந்த மதிப்பு அவ்வளவுதான். அந்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளை ஒரு பொது நிதியைத் தொடங்க, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் முதலிய நிறுவனங்கள் அதில் சேர்ந்தன.

பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் கவலைக்குரியது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. அநேகமாக எல்லா லினக்ஸ் கணினிகளிலும் அது இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பேணிவந்தவர் ஒரு தனிமனிதர். இது சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று அவர் 2022-இல் பொதுவிலேயே எழுதினார். புதிய பதிப்பு ஏன் தாமதமாகிறது என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கரம் நீட்டினார். ஒழுங்காக வேலை செய்து, படிப்படியாக நம்பிக்கை பெற்று, பதிப்பு வெளியிடும் பொறுப்புவரை வந்தார். பிறகு 2024-இன் தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கான ஒரு கள்ளவாசல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட். அப்போது மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய பொறியாளரான அவர், உங்கள் கணக்குகளைத் தாங்கும் அதே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவர். தம் சோதனைக் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, அதைச் சும்மா விடாமல் துருவிப் பார்த்தார். 2024 மார்ச் 29 அன்று கண்டதை உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு மட்டுமே வந்திருந்தன. உங்களிடம் நாங்கள் நிறுவியிருக்கும் நிலைத்த பதிப்புக்கு வரவில்லை. புதியது வந்தவுடன் ஏற்றாமல் நிலைத்த பதிப்பிலேயே உங்களை வைத்திருப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் எங்களை உறுத்துவது வேறு. அந்தக் கருவியைப் பேணியவருக்கு ஊதியமும் துணையாக இன்னும் இரண்டு நேர்மையான கைகளும் இருந்திருந்தால், கள்ள நோக்கத்தோடு வந்தவருக்கு அந்த வெற்றிடம் கிடைத்திருக்காது என்றே நாங்கள் கருதுகிறோம்.

"நாங்கள் பணம் தராவிட்டால் மென்பொருள் நின்றுவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நிற்காது. உரிமம் உங்களுக்குத் தந்திருக்கும் பயன்பாட்டு உரிமையை எவரும் பறிக்க முடியாது. ஆரக்கிள் நிறுவனம் 2010-இல் சன் நிறுவனத்தை வாங்கியபோது, சன் பேணிவந்த ஓப்பன்ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருள் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டவர்கள், அதன் மூல நிரலை எடுத்துக்கொண்டு அதே ஆண்டு செப்டம்பரில் லிப்ரேஆபீஸைத் தொடங்கினார்கள். அந்த நாளில் சேமித்த கோப்புகள் இன்றும் உங்கள் அலுவலகத்தில் திறக்கின்றன என்றால், உரிமம் மட்டுமல்லாமல் உழைக்கும் ஆட்களும் இருந்ததே காரணம். ஏரிப் பாசனத்தில் ஆயக்கட்டுக்காரர்கள் குடிமராமத்து செய்ததும் இதே கணக்கில்தான்: தண்ணீருக்கு விலை இல்லை, ஆனால் கரையும் மதகும் கவனிப்பார் இல்லாமல் தாமாக நிற்பதில்லை.

பயனாளர்கள் தரும் சிறு தொகைகளால் ஒரு திட்டம் நிமிர முடியும் என்பதும் கண்கூடு. பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, 1 லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விடுவிக்க அதன் முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2002-இல் பயனாளர்கள் ஏழே வாரங்களில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். தண்டர்பேர்டின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதை உருவாக்கிய மொசில்லா அமைப்பு 2012-இல் அதற்குப் புதிய வசதிகள் சேர்க்கும் பணியைச் சுருக்கிக்கொண்டது. சில ஆண்டுகள் தன்னார்வலர்களே அதைத் தாங்கினார்கள். பிறகு திட்டத்தினர் தங்கள் தேவையைப் பயனாளர்களிடம் நேராகவே எடுத்துச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். 2022-இல் மட்டும் 64 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. இன்று அதில் ஊதியம் பெறும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அதன் பயன் நாள்தோறும் உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் தெரிகிறது.

பெரிய நிறுவனங்களும் அரசுகளும் தரட்டுமே என்பது நியாயமான கேள்வி. அவையும் தருகின்றன. ஜெர்மனி அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தியது. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-இல், உலகெங்கும் உள்ள திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலில் பெரும்பங்கை எழுதுவோர் பல நிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியாளர்களே. இருப்பினும் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையான இடத்தில்தான் செலவிடும். தமிழில் ரசீது அடிக்கும் கடையின் தேவை அவர்களின் பட்டியலில் மேலே வராது.

அச்சக நண்பர்கள் இதை எளிதில் உணர்வார்கள். "கொ" என்று நீங்கள் தட்டும்போது கணினி சேமிப்பது ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் மட்டுமே. திரையிலும் தாளிலும் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து நிற்க வேண்டும். அதற்கு ஒரு நிரல் தேவை. லிப்ரேஆபீஸிலும் பயர்பாக்ஸிலும் குரோமிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரல்தொகுதி. நீங்கள் அடிக்கும் திருமண அழைப்பிதழ் முதல் மருத்துவமனையின் மருந்துச் சீட்டு வரை, கட்டற்ற மென்பொருளில் உருவாகும் தமிழ் எழுத்து அநேகமாக ஒவ்வொன்றும் அதன் வழியாகவே வருகிறது. அதன் பெயரை அறிந்தவர்களோ மிகச் சிலர். அப்படியே, எங்கள் பள்ளி வாடிக்கையாளர்கள் சிலர் பயன்படுத்தும் மீரா இனிமை என்ற அழகான தமிழ் எழுத்துருவை உருவாக்கி அளித்தது, சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் கேரளத் தன்னார்வக் குழு. லிப்ரேஆபீஸின் தமிழ்ப் பட்டிகளும் (மெனுக்களும்) தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பே. தொகையைப் பிரிக்கும்போது இத்தகைய பணிகளுக்கு நாங்கள் முதலிடம் தர விரும்புகிறோம். நாம் தராவிட்டால் வேறு யார் தருவார்கள் என்ற கேள்விக்கு இங்கே எளிதில் பதில் கிடைப்பதில்லை.

ஆகவே, சேரும் தொகையில் பாதி டெபியன், போஸ்ட்கிரெஸ், லிப்ரேஆபீஸ், தண்டர்பேர்டு ஆகிய நான்குக்கும் போகும். மறுபாதி, எழுத்துரு, எழுத்துகளைத் திரையில் சரியாக அமைக்கும் நிரல், தமிழ் மொழிபெயர்ப்பு போன்ற சிறு திட்டங்களுக்கும், ஓரிருவரே சுமந்துகொண்டிருக்கும் கருவிகளுக்கும் போகும். மாதந்தோறும் சிறிது சிறிதாக அனுப்பாமல் ஆண்டுக்கு ஒருமுறை வங்கி வழியாக அனுப்புவோம். கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொடர் கட்டணங்களுக்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, வெளிநாட்டுத் திட்டங்களுக்கான மாதச் சந்தா பல நேரங்களில் நடுவில் அறுந்துபோகிறது. லிப்ரேஆபீஸின் அறக்கட்டளை பெர்லினில் உள்ளது. டெபியனுக்கான பணத்தை அமெரிக்காவில் பதிவான ஓர் அமைப்பு பெற்றுக்கொள்கிறது. எனவே இந்தத் தொகைக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. ரசீதில் இது எங்கள் சேவைக் கட்டணத்தின் பகுதியாகவே எழுதப்படுவதால், மற்ற இனங்களைப் போலவே 18 விழுக்காடு ஜிஎஸ்டி இதற்கும் உண்டு.

பணத்தோடு எங்கள் வேலைமுறையிலும் ஒரு மாற்றம் செய்கிறோம். உங்கள் தேவைக்காக ஒரு நிரலில் நாங்கள் திருத்தம் செய்தால், அது பிறருக்கும் பயன்படக்கூடியதாக இருக்கும் இடங்களிலெல்லாம், அதை மூலத் திட்டத்துக்கே அனுப்பிவைப்போம். உங்கள் கணக்கோ வாடிக்கையாளர் விவரமோ அதில் எதுவும் போகாது; நிரல் மட்டுமே போகும். இது உங்களுக்கும் நன்மை தருவது. எங்களிடம் மட்டும் இருக்கும் திருத்தத்தைப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் பொருத்திச் சோதிக்க வேண்டியிருக்கிறது. மூலத் திட்டம் ஏற்றுக்கொண்ட திருத்தமோ அடுத்த பதிப்பில் தானாகவே வந்துவிடும்.

உங்களிடமும் ஓர் உதவி கேட்கிறோம். ஏதாவது கோளாறு கண்டால், "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கோப்பில், எதை அழுத்தியபோது, என்ன தெரிந்தது என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். அதை ஆங்கிலத்தில் முறையான வழு அறிக்கையாக எழுதித் திட்டத்துக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. தமிழ் எழுத்து உடைவது, தமிழ்ச் சொற்களின் அகரவரிசை தவறுவது, ரூபாய்க் குறி இடம் மாறுவது போன்ற கோளாறுகளைத் தமிழில் வேலை செய்யும் நீங்கள்தாம் முதலில் பார்க்கிறீர்கள். நல்ல தமிழறிந்த ஆசிரியர்கள் எங்கள் பள்ளி வாடிக்கையாளர்களிடையே பலர் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் பங்கெடுக்க விரும்புவோருக்கு அதைச் செய்யும் முறையை நாங்களே நேரில் வந்து கற்றுத்தருவோம்.

வியாபாரம் மந்தமாக இருக்கும் ஆண்டில் நூற்றுக்கு ஐந்து என்பதும் சுமையாகலாம். அப்படிப்பட்டவர்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் எங்களிடம் சொன்னால் போதும். இந்த இனம் உங்கள் ரசீதில் சேராது, காரணமும் கேட்க மாட்டோம், சேவையில் எந்த வேறுபாடும் இராது. ஆண்டு முடிந்ததும், மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு போனது, என்னென்ன திருத்தங்களும் வழு அறிக்கைகளும் அனுப்பப்பட்டன என்ற கணக்கை, வங்கிச் சான்றுகளின் நகலோடு ஏப்ரல் மாத ரசீதுடன் இணைத்துத் தருவோம். தொகை எந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தனி விருப்பம் இருந்தால், மார்ச் இறுதிக்குள் எங்கள் அலுவலகத்துக்கு எழுதியோ, பராமரிப்புக்கு வரும் பணியாளரிடமோ தெரிவிக்கலாம்.

இங்ஙனம்,
நிறுவனப் பங்குதாரர்கள்