மேற்படிப்பு விண்ணப்பமும் கல்லூரிகளின் பொறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேச்சு, செவித்திறன் துறையில் நான்காண்டு இளநிலைப் படிப்பை (பி.ஏ.எஸ்.எல்.பி.) முடிக்கும் மாணவர்கள், முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது படும் பாட்டைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கல்லூரி நிர்வாகங்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இத்துறையில் சிகிச்சையாளராக இருக்கும் என்னிடம் ஆண்டுதோறும் மாணவர்கள் சிலர் தங்கள் விண்ணப்பங்களைக் காட்டித் திருத்தம் கேட்பதால், குறை எங்கே இருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்துவருகிறேன்.

'ஸ்பீச் தெரபி' என்றால் திக்கிப் பேசும் குழந்தைக்குக் கொடுக்கும் பயிற்சி என்றே பலரும் நினைக்கிறார்கள். பக்கவாதத்தால் சொற்களை இழந்தவர், புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர், கஞ்சியைக்கூடப் புரையேறாமல் விழுங்க முடியாதவர், காக்ளியர் கருவி பொருத்தப்பட்டு முதன்முறையாக ஒலியைக் கேட்கும் குழந்தை ஆகிய அனைவருக்கும் சிகிச்சை அளிப்பது இத்துறைதான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

இந்தியாவுக்குள் மேற்படிப்பை நாடுவோரின் பாதை ஓரளவு தெளிவானது. 1965இல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நுழைவுத் தேர்வின் மூலம் மாணவர்களைச் சேர்க்கிறது. அங்கே பேச்சு மொழித் துறைக்கும் செவித்திறன் துறைக்கும் தனித்தனி எம்.எஸ்சி. பட்டங்கள் இருப்பதால், எது வேண்டும் என்பதை மாணவர் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்தான் தம் கல்லூரியை முழுவதும் நம்பியிருக்கிறார். அமெரிக்காவில் தொழில்முறைச் சான்றிதழ் பெற 400 மணி நேர மருத்துவப் பயிற்சி வேண்டும். அதில் 325 மணி நேரமாவது முதுநிலையில் பெற்றதாக இருக்க வேண்டும். ஆகவே நம் மாணவர்கள் இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டான பயிற்சியாண்டில் செய்த பணியில் மிகச் சிறு பகுதியே அந்தக் கணக்கில் சேரக்கூடும். ஆனால், விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியருக்கு இந்த மாணவர் நோயாளியின் முன் அமர்ந்து என்ன செய்தார் என்பதைக் காட்டும் சான்று அந்தப் பயிற்சியாண்டுதான்.

அந்தச் சான்றைத்தான் நம் கல்லூரிகள் பாதுகாப்பதில்லை. மாணவர்கள் அளித்த சிகிச்சையைக் குறித்துவைக்கும் பதிவேடுகளில் நான் பார்த்த பலவற்றில் 'மொழிச் சிகிச்சை, 1 மணி நேரம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர் ஒருவரைத் 'தண்ணீர் வேண்டும்' என்று சொல்லவைக்க மூன்று வாரம் முயன்று முடியாமல், வீட்டில் பேசுகிறபடி 'தண்ணி வேணும்' என்று மாற்றிப் பயிற்றுவித்த பிறகே அவர் வாயிலிருந்து சொல்லை வரவழைத்த ஒரு மாணவியை நான் அறிவேன். 'பழம்' என்பதைப் 'பளம்' என்கிறான் என்று அழைத்துவரப்பட்ட ஐந்து வயதுச் சிறுவனிடம், அவனுடைய பெற்றோரும் அப்படியே பேசுவதைக் கவனித்துவிட்டு, இது வட்டார வழக்கே தவிரக் குறைபாடு அன்று என்று சரியாகக் கணித்தவரும் அவர்தான். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில் பெற்ற இந்த அனுபவம், இருமொழிக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் எந்த நாட்டிலும் பயன்படும். அவருடைய விண்ணப்பக் கட்டுரையிலோ, சிறு வயது முதலே சேவை செய்ய ஆசை என்று எல்லோரும் எழுதுவதுதான் இருந்தது. ஏன் இவற்றை எழுதவில்லை என்று கேட்டேன். "தமிழில் செய்ததெல்லாம் கணக்கில் வருமா, மேடம்?" என்றார். அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. பதிவேட்டில் எந்த மொழியில் சிகிச்சை அளித்தார் என்பதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், அவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

பரிந்துரைக் கடிதத்தின் நிலை இதைவிட மோசம். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கமாகிவிட்டது. தன்னைப் பற்றித் தானே எழுதும் 21 வயது மாணவர் வெறும் பாராட்டுச் சொற்களைத்தான் அடுக்குவார். உடனிருந்து பார்த்த ஆசிரியர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு சிறு நிகழ்ச்சிகூட அதில் இராது. வேலைப் பளுவைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனாலும், மாணவரின் எதிர்காலம் தொங்கி நிற்கும் ஒரு பக்கக் கடிதத்தை எழுத ஆசிரியருக்கு நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மதிப்பெண் தொகுப்புச் சான்றிதழ் உரிய நாளுக்குப் பிறகு கைக்கு வந்ததால் ஓராண்டை இழந்த மாணவரும் உண்டு. அந்தச் சான்றிதழைக் கேட்டு அவர் கல்லூரியில் விண்ணப்பித்தது அந்த நாளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே.

இத்துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், நோயாளியின் குறைபாட்டு வகை, வயது, சிகிச்சை மொழி, மேற்பார்வையாளரின் குறிப்பு ஆகியவை அடங்கிய பொதுவான பதிவேட்டு வடிவம் ஒன்றை எல்லாக் கல்லூரிகளுக்கும் வகுத்துத் தர வேண்டும். சான்றிதழ்களை 15 நாள்களுக்குள் வழங்கவும், பரிந்துரைக் கடிதங்களை ஆசிரியர்களே எழுதவும் கல்லூரிகள் உறுதியளிக்க வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கான கடைசி நாள்கள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வருவதால், இப்போது பயிற்சியாண்டில் இருப்பவர்களுக்கே இந்த மாற்றங்கள் பயன்படுமாறு உடனடியாக நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.