‘வி’ எழுத்துக்காரர் எங்கே போவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இணையச் சேவைகள் வந்தபின் மக்கள் வரிசையில் நிற்பது குறைந்துவிட்டது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னி உங்களுக்குத் தெரியாத இடமல்ல. அதனால்தான் மனம் கூடுதலாக நொந்தது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நின்ற சனம் இப்போது, படிவம் நிரப்பித் தரும் கொமினிகேசன் கடை வாசலில் காசு கொடுத்து நிற்கிறது.

இணையப் படிவத்தின் முதல் பெட்டியிலேயே தடங்கல். பழைய அடையாள அட்டைக்காரர் ஒன்பது இலக்கத்தையும் ‘வி’ (V) எழுத்தையும் அடித்தால், 2016 இல் வந்த 12 இலக்கத்துக்கு மட்டும் அமைத்த படிவம் ஏற்காது. என்ன பிழையென்றும் சொல்லாது. முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்தை எழுதி, அடுத்து ஒரு 0 சேர்த்து, மிச்ச நான்கையும் எழுதி, எழுத்தை விட்டுவிட வேண்டும். 68523 என்று தொடங்கும் இலக்கம் 19685230 என்றாகி மிச்ச நான்கோடு முடியும். 523 ஐப் பார்த்துத் திகைக்கத் தேவையில்லை: அது பிறந்தது ஆண்டின் எத்தனையாம் நாள் என்ற கணக்கு; பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். இந்த இலக்கக்காரி ஜனவரி 23 இல் பிறந்தவர்.

அதைத் தாண்டினால் பெயர். முன்பு, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்ததை யூனிகோட் பெட்டியில் அப்படியே ஒட்டினால், ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று விழும். எழுத்துரு மாற்றியில் போடாமல் ஒட்டியவரின் பிழைக்கு, பெயருக்குரியவர் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டுமா? கடைசியில் ஒருமுறைக் கடவு எண். அது போவது எப்போதோ தொலைந்த சிம்முக்கு.

2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் பதிவு வந்தபோதும் இதுதான் கதி. 2009 போரில் வாகனப் புத்தகத்தையும் இழந்து வந்தவர்கள், கேட்ட சேசிஸ் (வாகனச் சட்டக) இலக்கத்துக்காக மண்ணெண்ணெய்த் துணியால் கறளைத் தேய்த்துக்கொண்டு கிடந்தார்கள். அரசியலமைப்பின் 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ்ப் பக்கத்தில் நிரப்பினாலும் குறுந்தகவல் சிங்களத்தில் வருகிறதே, அதை எந்தத் திருத்தத்தால் மாற்றுவது? இவற்றையும் எழுதுங்கள் ஐயா.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேலே சொன்ன இலக்கக் கணக்கை ஒரு சிறு கட்டமாகப் பெரிய எழுத்தில் பிரசுரியுங்கள். வெட்டி எடுத்து ஒட்டிவைக்க விதானையார்மாரின் (கிராம அலுவலர்களின்) கந்தோர்ச் சுவர்களில் இடமிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர்,
துணுக்காய்.