குழு தொடங்கும் முன் மாதேசுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதேஷ்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஐஸ் (மெத்தாம்ஃபெட்டமைன், சுருக்கமாக மெத்) என்ற போதைப் பழக்கத்திலிருந்து மீளும், ஆண்களை விரும்பும் நம்ம பசங்களுக்கென்று தர்மபுரியில் ஒரு சின்னக் குழு தொடங்கப் போகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே மாங்காய் சீசன் ஓய்ந்துவிட்டது, கூழ் ஆலைப் பக்கம் லாரி வரிசை இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நீ கேட்டதில் பாதி மருந்தைப் பற்றி. என்னைக் கேட்டால் அது கடைசியாக வர வேண்டிய பேச்சு. ஐஸை நிறுத்துவது ஒரு வாரத்து வேலை. நிறுத்திய பிறகு வரும் சனிக்கிழமைகளை என்ன செய்வது என்பதுதான் உன் குழுவின் வேலை. பலருக்கு ஐஸ் எடுத்து உடலுறவுக்காக ஆண்கள் கூடும் அந்த அறையில்தான் முதல்முறை பயமில்லாமல் இன்னொரு ஆணைத் தொட வாய்த்திருக்கும், நண்பர்கள் கிடைத்ததும் அங்கேதான். ‘அந்தச் சகவாசத்தை விடு’ என்று சொல்லிவிடலாம். பாலக்கோட்டிலோ பெண்ணாகரத்திலோ இருப்பவனுக்கு அதை விட்டால் வேறு சகவாசம் எங்கே இருக்கிறது? அதைக் கொடுக்காமல் புத்தி மட்டும் சொன்னால் மூன்றாவது வாரம் வரமாட்டான்.

அதனால் கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வை. ஒன்றேகால் மணி நேரம் போதும். முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுங்கள், அதையும் கூட்டத்தின் பகுதியாகவே வைத்துக்கொள். ஐஸுக்காகப் பெங்களூரு பஸ் ஏறும் நேரம் அப்படியே கழிந்துவிடும். பெண்ணாகரம், அரூர் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வை. இடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கட்டும், ஆனால் யார் வீடும் வேண்டாம், லாட்ஜ் அறை வேண்டவே வேண்டாம். வாசல் போர்டில் எய்ட்ஸ், போதை என்ற சொற்கள் இல்லாத இடமாகப் பார். வார இறுதியில் காலியாகக் கிடக்கும் ட்யூஷன் சென்டர் நல்லது, உள்ளே போகிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆறு முதல் எட்டுப் பேர். அதற்கு மேல் போனால் பேசாதவன் பேசாமலே போய்விடுவான். புதிதாக வருகிறவனை நேராகக் கூட்டத்துக்கு அழைத்து வராதே. முதலில் நீயோ உன் கூட நடத்துபவரோ தனியாக டீக்கடையில் சந்தித்து, அவன் விருப்பத்தோடுதான் வருகிறானா, உள்ளே யாரையாவது அவனுக்கு ஏற்கெனவே தெரியுமா என்று கேட்டுக்கொள். சின்ன ஊரில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். அவனுக்கு ஐஸ் கொடுத்தவனே உள்ளே உட்கார்ந்திருக்கலாம், சொந்தக்காரப் பையன் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் சாதாரணமாக இருக்கட்டும், செய்திகள் தானாக அழியும்படி வை. போட்டோ கூடாது.

உள்ளே பேசும்போது ஒரு கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். எடுத்தபோது எப்படி இருந்தது என்ற வர்ணனை வேண்டாம், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது, அவ்வளவுதான். ஒருவன் சுவாரசியமாக வர்ணித்தால் மீதி ஏழு பேருக்கும் வாயில் எச்சில் ஊறும், கூட்டம் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அது போகாது. உறுப்பினர்களுக்குள் உறவு முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்: இரண்டு பேர் சேர்கிறார்கள், ஒருவன் சறுக்கினால் மற்றவனையும் இழுத்துக்கொண்டு போகிறான். நடத்துகிறவர்களுக்கு உறுப்பினர்களோடு உறவு எந்தக் காலத்திலும் கிடையாது.

கல்யாணமான இருபாலீர்ப்பு ஆண்களை மற்றவர்கள் கிண்டல் செய்ய விடாதே. ‘பொண்டாட்டியை ஏமாத்துறான்’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், அவன் எழுந்து போய்விடுவான். மனைவியிடம் சொல்லச் சொல்லி நெருக்காதே. ஆணுறை, எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனை பற்றி அவனிடம் தனியாக, தெளிவாகப் பேசு.

காலக்கணக்கை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடு. கடைசியாக எடுத்த பின் இரண்டு மூன்று நாள் தூக்கமும் பசியும்தான். களியோ கஞ்சியோ முட்டையோ, எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அந்த நாட்களில் மனம் பாதாளத்துக்குப் போகும். காலையும் மாலையும் போன் செய், ‘செத்துடலாம்னு தோணுதா’ என்று நேராகவே கேள். ஆம் என்றால் தனியாக விடாதே, மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலும் சோர்வும். அப்புறம் ஒரு மாதம் போல எல்லாம் சரியாகிவிட்டது என்று மிதப்பான், கூட்டத்துக்கு வருவதைக் குறைப்பான். அடுத்ததுதான் ஆபத்து. ஒன்றரை மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை எதிலும் ருசி இருக்காது, வேலை, சாப்பாடு, சினிமா, உடலுறவு எல்லாமே சப்பென்று இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் 1980களில் உருவான மேட்ரிக்ஸ் சிகிச்சை முறையில் இந்தக் கட்டத்தைச் ‘சுவர்’ என்பார்கள். இது மூளை பழைய நிலைக்குத் திரும்பும் நேரம், கடந்து போகும் என்று முன்பே தெரிந்தவன் தாங்குவான். தெரியாதவன் ‘ஐஸ் இல்லாம நான் இப்படித்தான் போல’ என்று முடிவு கட்டிவிடுவான்.

சறுக்கியவன் வந்தால் திட்டாமல் ஒரு காகிதத்தை எடு. கடைசித் தடவையின் பாதையை மணி வாரியாக அவனையே எழுதச் சொல். சம்பளம் வெள்ளிக்கிழமை மதியம் ஏறியது. ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு அறையில் தனியாக. ஏழு மணிக்கு கிரைண்டர், ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலி. எட்டு மணிக்கு ஒருவன் ‘ஹை ஃபன்’ (போதையோடு உடலுறவு) என்று அனுப்பினான், லொகேஷன் வந்தது. ஒன்பது மணிக்கு ஓசூரில் பஸ், பத்தரைக்கு பெங்களூரு சில்க் போர்டு. பத்தரை மணிக்கு அந்தக் கதவு முன்னால் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆறு மணிக்கு முடியும். எந்த இடத்தில் வெட்டுவது மிகச் சுலபம் என்று அவனையே கேள். சம்பள நாளில் யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்து வைப்பது, ஆறு மணிக்கு அறைக்குப் போகாமல் குழுவில் ஒருவரைச் சந்திப்பது, இந்த மாதிரிச் சின்ன வெட்டுகள்தான் பலிக்கும். செயலியைப் போனிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, கணக்கையே அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திரும்ப இறக்கினால் பழைய உரையாடல் எல்லாம் காத்திருக்கும். விற்றவனின் நம்பர் பேக்கப்பிலும் ஜிபே பட்டியலிலும் ஒளிந்திருக்கும், அங்கேயும் பார்க்கச் சொல். ஆசை கிளம்பினால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அந்த அரை மணிக்கு மூன்று பேர் நம்பர் பர்ஸில் எழுதியிருக்கட்டும்.

படுக்கை விஷயத்தைப் பேசாத குழு இவர்களுக்கு உதவாது. சாதாரண என்.ஏ. (நார்காட்டிக்ஸ் அனானிமஸ், போதையிலிருந்து மீள்வோர் குழு) கூட்டங்களில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் நம்ம ஆள் அங்கே ‘அவன்’ என்பதை ‘அவள்’ என்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான், உண்மையான தூண்டுதல் கடைசி வரை வெளியே வராது. 1994ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பித்த கிரிஸ்டல் மெத் அனானிமஸுக்கு இணையக் கூட்டங்கள் இருக்கின்றன, ஆங்கிலம் புரிகிறவர்களை அங்கேயும் அனுப்பு. ஐஸ் இல்லாத உடலுறவு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும், எழுச்சி குறையலாம், இது மாதக்கணக்கில் சரியாகும் என்று சொல்லிவை. அந்தக் கவலையில் வயாகரா வகை மாத்திரையைத் தேடுவார்கள். அதோடு பாப்பர்ஸ் (உடலுறவின்போது முகரும் நைட்ரைட் திரவம்) சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்து.

இப்போது டெஸ்டும் பரிசும்: சோதனை சுத்தமாக வந்தால் அப்போதே ஒரு பரிசு. ஐஸுக்கு இதுவரை அதிகம் பலன் நிரூபித்தது இதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் கே ஆண்களுக்கென்றே இப்படி ஒரு திட்டம் நடந்திருக்கிறது. நீ பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு சிறுநீர் சோதனை வை, திங்களும் வியாழனும். ஐஸ் சிறுநீரில் இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும், ஆகவே சனி ராத்திரி நடந்தது திங்களன்று மாட்டும். முதல் சுத்தமான சோதனைக்கு 50 ரூபாய், அடுத்தடுத்து பத்துப் பத்தாக ஏற்று. தவறினால் மறுபடி 50, தொடர்ந்து மூன்று சுத்தமாக வந்தால் விட்ட இடத்துக்குத் திரும்பலாம். இருபத்து நான்கும் சுத்தமாக வந்தால் ஓர் ஆளுக்கு மொத்தம் 3,960 ரூபாய்தான். ரொக்கமாகக் கொடுக்காதே, ரீசார்ஜோ மளிகைக் கூப்பனோ கொடு. அந்த நிமிஷமே கையில் கொடுப்பதுதான் முக்கியம். ‘மாசக் கடைசில சேர்த்துத் தரேன்’ என்றால் முறையே செத்துவிடும்.

சிறுநீர் சோதனை ஸ்ட்ரிப்பைப் படிப்பதில் எல்லோரும் ஒரு தடவை ஏமாறுவார்கள். அதில் ‘சி’ ஸ்ட்ரிப் சரியா என்று காட்டும் கோடு, ‘டி’ சோதனைக் கோடு. இரண்டு கோடு என்றால் சுத்தம். ‘சி’யில் மட்டும் ஒரு கோடு என்றால்தான் போதை இருக்கிறது. ‘டி’ கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், சுத்தம் என்றே எழுது. ‘சி’ கோடே வராவிட்டால் ஸ்ட்ரிப் கெட்டது, வேறு எடு. ஐந்து நிமிஷத்தில் படி, அரை மணி கழித்துப் பார்த்து மாற்றிச் சொல்லாதே. சளி மாத்திரைகளில் சிலதும், மருத்துவர் எழுதும் புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரையும் இந்த வகைச் சோதனையில் பொய்யாகப் போதை காட்டக்கூடும். அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை டெஸ்டுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள். பின்னால் கேட்டால் சண்டையாகும்.

மருந்துக்கு இப்போது வருகிறேன். ஹெராயினுக்குப் புப்ரினார்ஃபின் இருப்பது போல ஐஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது. நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியானும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2021ல் வந்தது: மருந்து எடுத்தவர்களில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன், மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் எடுத்தவர்களில் 2.5. இருக்கிறது, ஆனால் அதிசயம் இல்லை. மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு டாக்டரிடமாவது முன்பே பேசிவை. சிக்கலான ஆட்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை.

ஞாயிறு காலை ‘எடுத்துட்டேன்’ என்று செய்தி வந்தால் உபதேசம் வேண்டாம். நெஞ்சு வலி, கடும் காய்ச்சல், யாரோ பேசுவது போலக் கேட்பது, யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம் இருந்தால் அவசரப் பிரிவு. ஊசி போட்டானா என்று கேள், ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் வேண்டியிருக்கும். ஆணுறை இல்லாமல் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் பெப் (எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் அவசர மாத்திரை) தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் மாத்திரை. எச்ஐவிக்கு ஏஆர்டி மாத்திரை எடுப்பவன் ஒரு வேளை விட்டிருந்தால் ஞாபகம் வந்ததும் போடட்டும், இரட்டையாக வேண்டாம். அடுத்த சனிக்கிழமை அவன் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. போதையோடு மட்டும் வரக்கூடாது.

வீட்டார் ‘எங்கேயாவது சேர்த்துவிடலாம்’ என்பார்கள். கட்டிப்போட்டு அடிக்கும் தனியார் இல்லங்களும், ‘அந்தப் பழக்கத்தையும் சேர்த்து மாற்றித் தருகிறோம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். பாலீர்ப்பை மாற்றச் சிகிச்சை தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன் 21ஆம் பிரிவும் பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. இரண்டையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள். அரசு மருத்துவமனை ஓபி சீட்டை எல்லோரும் பத்திரமாக வைக்கட்டும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்குச் சிறு அளவு வழக்கில் பாதுகாப்பு உண்டு, சிகிச்சையை முடித்தாக வேண்டும். ஐஸுக்குச் சிறு அளவு 2 கிராம். குழுவில் யாரும் யாருடைய பொட்டலத்தையும் ‘நான் வச்சுக்கறேன்’ என்று வாங்கவே கூடாது, நீ உட்பட.

கூட நடத்த ஓர் ஆளைச் சீக்கிரம் பிடி, தனியாளாக ஆறு மாதம் தாங்க மாட்டாய். காவேரிப்பட்டணம், பர்கூர், ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் உன் பட்டியலில் இருந்தால் திங்கள், வியாழன் டெஸ்டை நான் இங்கேயே எடுத்துவிடுகிறேன், ரீசார்ஜையும் இங்கேயே போட்டுவிடலாம். கிட் வாங்கும்போது மெத்துக்கு உரிய ‘எம்இடி’ ஸ்ட்ரிப்தானா என்றும் காலாவதித் தேதியையும் பார்த்து, இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கிவிடு, என் பங்குப் பணத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்,
முனிராஜ்